சாக்கின் எழுத்துப் பக்கம்

"ரெண்டெழுத்து படிச்சிட்டா மேசைக்கு மெத்தை கட்ட வந்துருமாடீ?" என்று அத்தை கேட்டபோது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அது எல்லோருக்கும் தெரியும்படிதான் நடமாடுவேன்.

நீடாமங்கலத்தில் அப்பாவுக்கு இஸ்திரி மேசை. பழைய கம்பளி, அதன்மேல் கோணிச்சாக்கு, எல்லாவற்றையும் மூடி ஒரு நைந்த வேட்டி. இதைத்தான் மெத்தை என்போம். அது தீய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அப்பா துணி எடுக்கப் போயிருந்தார், அம்மா நடவுக்கு. அத்தை கேட்ட கேள்விக்காகவே நான் ஊசியை எடுத்தேன்.

தையலைப் பிரித்ததும் ஒன்றைக் கவனித்தேன். சாக்கில் பச்சை மையில் அச்சடித்த எழுத்துகள் கம்பளியைப் பார்த்துக் குப்புறக் கிடந்தன. படிக்கத் தெரியாதவர்கள் போட்டால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். புதுச் சாக்கை, 'நெல்' என்பது மேலே தெரிய நேராக விரித்து, வேட்டியை இழுத்துப் பிடித்துக் கோணி ஊசியால் தைத்தேன். அத்தை தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை முதல் துணி, அடுத்த தெரு டீச்சரம்மா மகனின் கல்யாணச் சட்டை. பத்து மணிக்கு முகூர்த்தம். அப்பா தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்துத் திருப்பினார். வெள்ளை முதுகில் வேட்டி வழியே ஏறிய பச்சைக் கறை, எழுத்து எழுத்தாக.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

இடவலம் மாறியிருந்தும் என்னால் படிக்க முடிந்தது. படித்துச் சொல்லாமல் அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். கறை வெளிறியது, போகவில்லை. மணி எட்டரை. அந்தத் தெருவே டீச்சரம்மாவைப் பார்த்துத்தான் எங்களுக்குத் துணி போட்டது. அப்பா சட்டையை மடித்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

டீச்சரம்மா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் தப்புதாங்க. சாக்கைத் திருப்பிப் போட்டுட்டேன்" என்றார் அப்பா.

டீச்சரம்மா அதை உள்ளே எடுத்துப் போனார். மூன்று நாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு துணியும் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் டீச்சரம்மா வீட்டு மூட்டை வந்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வேட்டியைப் பிரிக்காமலேயே சாக்கு திரும்பிக் கிடப்பது அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. எழுதியிருப்பதை அவர் என்னிடம் கேட்டது படிக்கத் தெரியாததால் மட்டும்தான் என்றே நம்பினேன்.

இப்போது தஞ்சாவூரில் பி.எட். படிக்கிறேன். விடுமுறைக்கு வந்தால் மெத்தை மறுபடியும் தீய்ந்திருக்கிறது. இன்று காலை அப்பா கரி போட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னைக்குச் சட்டையில 'நெல்'லுன்னு இருந்துச்சுப்பா" என்றேன்.

"தெரியும், தை" என்றார்.

சாக்கை எழுத்து கீழே போக விரித்து, ஒரு பக்கம் தைத்தாயிற்று.