சில்லுக்கு வைத்த ஸ்கொட்ச்

நடந்தவை:

1. ரயில் பணிமனையில் என் மேற்பார்வையாளர் கீத், என் வேலை நீடிப்பை மேலிடத்தில் 'ஸ்கொட்ச்' பண்ணிவிட்டார்கள் என்றார்.
2. நான் மகிழ்ச்சியோடு "தேங்க் யூ" என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.
3. யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவை அழைத்து, வேலை உறுதி என்றேன்.

லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீத் ஸ்கொட்ச் எடுத்துவரச் சொன்னபோது, வேலை நேரத்தில் குடிப்பார்களா என்று திகைத்து நின்றேன். அவர் காட்டியது ஒரு மஞ்சள் ஆப்பு. ரயில் பெட்டி உருளாமல் அதன் சக்கரத்துக்கு, எங்கள் பேச்சில் சில்லுக்கு, அடியில் வைப்பது. பழைய ஆங்கிலச் சொல். முட்டுக் கொடுப்பதற்கும் அதுதானாம். எஞ்சினியரிங் படித்த காலத்தில் நான் கேள்விப்படாதது. இப்போது அதை வைத்த பிறகுதான் பெட்டிக்கடியில் இறங்குவேன். எனக்கு அதன் பொருள் ஒன்றுதான்: இனி அசையாது, பயமில்லை.

அன்று மாலை, வடக்கு லண்டன் எட்மண்டனில் நான் தங்கியிருக்கும் அண்ணை வீட்டில், சாப்பிடும்போது அவருக்குச் சொன்னேன்.

"என்ர கொன்ட்ராக்டை ஸ்கொட்ச் பண்ணிட்டாங்களாம்."

"அப்ப போத்தல் எங்கை?" என்று சிரித்தார். பிறகு கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தார். "பொறு. அவன் அப்பிடியே சொன்னவனோ?"

"ஓம்."

"விசர்ப் பெட்டை, அது நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்டு அர்த்தம். உனக்கு ஆப்பு வைச்சிட்டாங்கள்."

தமிழில் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். முட்டுக் கொடுத்தால் தாங்கும். முட்டுக்கட்டை போட்டால் தடுக்கும். நான் தாங்குவதை மட்டும் கேட்டிருக்கிறேன். மறுநாள் கீத்திடம் கேட்டேன். அண்ணை சொன்னது சரி. என் விசா இந்த வேலையோடு பிணைக்கப்பட்டது; வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டும்.

உண்மையைச் சொல்லத்தான் அம்மாவை மறுபடி அழைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பிள்ளை, நீ இனி அங்கதானே. உன்ர அறையைக் கம்பஸில படிக்கிற பிள்ளை ஒண்டுக்கு வாடகைக்குக் குடுத்திட்டன். நல்ல பிள்ளை. உன்ர மேசையிலதான் இருந்து படிக்குது. பறவாயில்லையே?"

"பறவாயில்லை அம்மா" என்றேன்.

சில்லுக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைப்பதுதான் பணிமனை விதி. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. இன்று காலையும் அப்படி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றைய நிலை: மாத முடிவில் வேலை முடிகிறது. விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதில் இல்லை. என் மேசையில் வேறொருத்தி படிக்கிறாள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.