அண்ணி அடித்த ரப்பர் பூச்சு

எங்கள் ரிமோட் கார் கிளப்பின் தலைவர் பொய் சொல்லியிருக்கிறார். கார் பாடியின் உட்புறத்தில் ரப்பர் ஸ்பிரே அடித்து உடையாமல் காக்கும் முறையைத் தானே யோசித்துக் கண்டுபிடித்ததாகப் போன மாதம் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். உலகத்தில் வேறு எங்காவது யாராவது இதைச் செய்திருக்கலாம், எனக்குத் தெரியாது. கோலாலம்பூரின் செராஸில் இருக்கும் எங்கள் பந்தயத் திடலுக்கு இதைக் கொண்டுவந்தவர் என் அண்ணி. இதே வேலைக்காக அண்ணியை ஏமாற்றுக்காரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னவரும் இந்தத் தலைவர்தான். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

விவாகரத்து ஆன பிறகு நான் கிள்ளானில் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். பகலில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் ஏர்கான் கழுவும் வேலை. சாயங்காலம் ரயிலில் வந்து, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் போவது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதிலும் நிம்மதி இல்லை. இந்தக் கார்களின் பாடி, அதாவது மேல்கூடு, மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். சாயத்தை உட்புறம்தான் அடிக்க வேண்டும், பளபளப்பு வெளியே தெரியும். சுவரில் ஒரு தடவை மோதினால் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவில் விரிசல் விடும். அடுத்த மோதலில் கிழியும். நான் கோபத்தில் ஓட்டுகிறவன், அதனால் வாரம் ஒன்று கிழிந்தது. ஒரு ஞாயிறு கிழிந்த பாடியைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அது கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

"இந்தத் தம்மாத்துண்டு பிளாஸ்டிக்குக்கா வாராவாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற, தம்பி?" என்றார் அண்ணி.

அண்ணிக்குப் பக்கத்து ஊரான பண்டமாரானில் ஒரு பட்டறையில் வேலை. லோரி, பிக்அப் வண்டிகளில் சாமான் ஏற்றும் தளம் கீறாமல் இருக்க ரப்பர் ஸ்பிரே அடிப்பார். அங்கே அந்த வேலைக்கு இருந்த ஒரே பெண் அவர்தான். கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகும்போதும் முழங்கையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கழுவினால் போகாது, தானாக உதிர்ந்தால்தான் உண்டு. இரும்பையே கீறாமல் வைக்கிறோம், இது என்ன பெரிய விஷயம் என்று என் புது பாடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். லோரிக்கு அடிப்பது போலவே தடிமனாக ஒரே தடவையில் அடித்துவிட்டார். ஸ்பிரே மருந்து உள்ளே அடித்திருந்த சாயத்தைக் கரைத்தது. நீலமும் வெள்ளியும் ஒன்றாகக் குழம்பி, காரின் கூரை கொதித்த பால் ஏடு போலச் சுருங்கிவிட்டது. நான் வீடே அதிரக் கத்தினேன். அண்ணன் எழுந்து வந்தார். அண்ணி அவரைக் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, "தப்பு என்னோடது. இரும்புன்னு நெனச்சி அடிச்சிட்டேன். இன்னொண்ணு குடு" என்றார். அந்த வீட்டில் நான் கத்தியதற்கு யாரும் திருப்பிக் கத்தாதது அதுவே முதல் தடவை. இன்னொன்றைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். சாயம் நன்றாகக் காய இரண்டு நாள். பிறகு ஸ்பிரேயை ஓர் அடி தள்ளிப் பிடித்து, பனி விழுந்தது போல மெல்லிசாக ஒரு தடவை. கிளினிக்கில் காயத்துக்குச் சுற்றும் துணியை விரலகலத்துக்கு வெட்டி, நான்கு சக்கர வளைவிலும் பாடியை மாட்டும் துளைகளைச் சுற்றியும் ஒட்ட வேண்டும். அதன் மேல் இன்னும் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பேசினோம். என் மனைவியைப் பற்றி நான் முதன்முதலில் யாரிடமாவது பேசியது அங்கே, கையில் கையுறையோடு நின்றபோதுதான். அண்ணி அறிவுரை சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும், "நீயும் லேசுப்பட்ட ஆள் இல்ல லா" என்றார். அது உண்மை. சிரித்துவிட்டேன்.

அந்தப் பாடி எட்டு வாரம் தாங்கியது. அண்ணியும் திடலுக்கு வர ஆரம்பித்தார். மடக்கு நாற்காலியும் ஒரு டப்பா சுண்டலுமாக உட்கார்ந்து, என் கார் சுவரில் மோதும்போதெல்லாம் கை தட்டுவார். பையன்கள் வந்து, "அக்கா, என் காருக்கும் ஒரு ரெயின்கோட் போட்டு விடுங்க" என்பார்கள். முதலில் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டு வரச் சொல்லுவார். அந்த மாதங்களில் நான் திரும்ப மனிதனானேன். இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியாது.

பந்தயப் பருவத்தின் இறுதி நாளில், கடைசிச் சுற்றுக்கு முந்தைய ஓட்டத்தில் தலைவரின் காரை முந்தினேன். அவர் வந்து என் பாடியைக் கழற்றி, ரப்பரை ஓர் ஓரத்தில் உரித்துப் பார்த்தார். கார் கவிழாமல் இருக்க உள்ளே எடை ஒளித்து வைத்திருக்கிறாய், இது ஏமாற்று வேலை என்றார். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து வந்து நிதானமாகச் சொன்னார்: "பாஸ், கூரையில கனம் ஏத்துனா வளைவுல காரு கவுந்துரும். ஏமாத்துறவன் அடியிலதான் வைப்பான்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தலைவர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, இதை அடித்தது யார் என்று கேட்டார்.

கடைசிச் சுற்றில் ஓட வேண்டும் என்ற ஆசையில் நான் சொன்னேன்: "அண்ணிதான். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

தெரியாதாம். துணியை வெட்டிக் கொடுத்தவனே நான்தான். தலைவர் என்னை வேறு பாடியோடு ஓட விட்டார், மூன்றாவதாக வந்தேன். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே செய்தி போட்டார்: ஏமாற்று வேலை செய்த பெண்மணி இனித் திடலுக்கு வரக்கூடாது. பறித்த பாடியைத் திருப்பித் தரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி சொன்னது இவ்வளவுதான்: "நீ பேசியிருக்கலாம், தம்பி." அடுத்த ஞாயிறு நான் போகவில்லை என்றேன். புதிதாக அடித்த பாடியைக் கையில் கொடுத்துப் போகச் சொன்னார். அவர் அதன் பிறகு திடல் பக்கம் வரவே இல்லை. நாற்காலி மட்டும் இன்னும் நான் திடலுக்கு ஓட்டிப்போகும் நிஜக் காரின் பின்பக்கத்தில் கிடக்கிறது.

தலைவரின் வீடியோவை அண்ணன்தான் காட்டினார். நான்கு வளைவிலும் விரலகலத் துணி, துளைகளைச் சுற்றித் துணி, நகத்தால் அழுத்திப் பார்ப்பது உட்பட எல்லாம் இருந்தது. நகத்தால் அழுத்துவதைத் தலைவர் அண்ணியிடம்தான் பார்த்திருக்க வேண்டும், பையன்களுக்கு அண்ணி திடலில் சொல்லிக் காட்டியிருக்கிறார். அண்ணி இரண்டு தடவை பார்த்தார். "ரெண்டாவது கோட் அவசரமா அடிக்கிறாரு, சுருங்கும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து, போனைப் பார்க்காமலே கேட்டார்: "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

வீடியோவில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்: உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே எடை எதுவும் இல்லை. நான் பொய் சொன்னேன், கோழைத்தனத்தால் சொன்னேன். என்னைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தவருக்கு நான் செய்தது அது. இதைக் கிளப் குழுவிலும் என் பெயரோடு போட்டுவிட்டேன்.

இனி உங்கள் முறை, தலைவரே. எனக்குத் தனியாகப் போன் போடாதீர்கள், எடுக்க மாட்டேன். அன்று எந்தக் குழுவில் எழுதினீர்களோ அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்: என் அண்ணி செய்தது ஏமாற்று வேலை என்றால், இன்று நீங்கள் செய்வதற்குப் பெயர் என்ன?