உப்புப் போட்ட அகார் அகார்

குளிக்கும்போது சோப்பு வழுக்கிய இடத்தில் விரல் நின்றது. இடது மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலித்திருந்தால் அத்தனை பயந்திருக்க மாட்டேன்.

அப்போது, எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். நுண்ணலையை (ரேடியோ அலையில் குட்டையான வகை) உடலுக்குள் அனுப்பி, கத்தி வைக்காமலே கட்டியைப் படம் பிடிக்க முடியுமா என்பது எங்கள் ஆராய்ச்சி. உடலுக்குப் பதில் உப்புக் கலந்த அகார் அகார் (கடல்பாசியில் செய்யும் ஜெல்லி). அதற்குள் கட்டியாக, இன்னும் உப்புக் கூடிய ஓர் உருண்டை. எலுமிச்சை அளவு உருண்டையே எங்கள் கருவிக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கடலையை அதனிடம் காட்டிப் பயனில்லை. கட்டி தேடுவதே பிழைப்பாக இருந்தவளுக்கு நல்ல வேடிக்கை.

"மயக்கத்துல இருக்கும்போதே கட்டிய எடுத்துச் சோதிப்போம்" என்றார் மருத்துவர். "புத்துன்னா அப்பவே மார்பையும் எடுத்துருவோம்." உறைதிசுச் சோதனை (துணுக்கை உறையவைத்து உடனே பார்ப்பது) என்று அதற்குப் பெயர். அதாவது, எழுந்து தொட்டுப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் வரவில்லை.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான். அறுவைக்கு முந்தின நாள் என்னைப் பார்க்க, நாங்கள் பிறந்த எஸ்டேட்டிலிருந்து சொந்தங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது அக்காவுக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்து ஐஸ்பெட்டி கெட்டுப்போனதால் நான் வீட்டில் வைத்திருந்த அகார் அகாரை வெட்டித் தட்டில் அடுக்கிவிட்டாள். எல்லாரும் மரியாதைக்கு விழுங்கினார்கள். கடைசியில் அவளும் ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"என்னாடி, சீனிக்குப் பதிலா உப்பப் போட்டு வச்சிருக்க?"

"அது திங்கறதுக்கு இல்லக்கா. என்னோட ஆராய்ச்சி. பொம்பள மாருன்னு வச்சுக்க."

"ஐயோ சாமி! மொதல்லயே சொல்லக்கூடாதா லா!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படியே அழுகை வந்துவிட்டது. அதையும் சிரிப்பு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அறுவைக்குப் பின் கண் விழித்ததும் கை அங்கேதான் போனது. கட்டுக்குக் கீழே தட்டையாக இருந்தது. அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீங்களும் இப்படிக் கண் விழித்தவரானால், தைரியமாக இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்க வருகிறவர்கள் பழத்தோடு அந்த வார்த்தையையும் வைத்துவிட்டுத்தான் போவார்கள். தனியாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

காயம் ஆறியது. வேலைக்குத் திரும்பினேன். "அடுத்த வருஷம்" என்று கூட வேலை செய்பவர்கள் சாதாரணமாகத் திட்டம் போடும்போது, நான் மட்டும் அடுத்த பரிசோதனைக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

தழும்பில் அக்கா தினமும் எண்ணெய் தடவிவிடுவாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

அங்கே உணர்ச்சியே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கை என்மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.