முள்பூக் கிண்ணம்

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் நாங்கள் இருந்த வீட்டின் மாடியில் ஓர் அமெரிக்க அம்மாள் இரண்டு வருஷம் குடியிருந்தார். நான் ஸ்கூலில் தமிழ் டீச்சர். சாயங்காலங்களில் அவருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தார். அதைச் சுற்றிலும் நட்சத்திரங்கள், நடுநடுவே பொத்தான் மாதிரிப் புடைப்புகள். கையால் செதுக்கியதா என்று கேட்டேன். இல்லை, உருக்கிய கண்ணாடியை அச்சில் விட்டு அழுத்திச் செய்தது, அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் சாதாரண வீடுகளிலும் புழங்கியது என்றார். என் விரலைப் பிடித்து, அச்சு சேர்ந்த இடத்தில் ஓடிய மெல்லிய கோட்டைத் தடவிக் காட்டினார்.

ஆறு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. உங்களுக்குக் கொடுத்தது என் அம்மாவின் கிண்ணம், இப்போது தங்கை கேட்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்ப முடியுமா என்று எழுதி, அடியில் பேனாவால் படம் போட்டிருந்தார். முள் நிறைந்த தண்டு, அதன்மேல் குஞ்சம் போல ஒரு பூ. என் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு பூவே அதில் இல்லை. இருப்பதை அனுப்பிவிடு என்றார் கணவர். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மாடியில் அவருக்குச் சமைத்துக்கொண்டிருந்த சமையல்கார அம்மாவுக்கும் அதே வாரம் ஒரு கிண்ணம் கிடைத்தது ஞாபகம் வந்தது; அவர் சாந்தோமில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சமையல் மேடையில் முள்பூக் கிண்ணம், நிறைய முட்டைகளோடு. கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதுகினே குடுத்தாங்க டீச்சர். ஆள் மாறியா குடுத்திருப்பாங்க?"

பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்ட எனக்கு அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. கிண்ணத்தை மேடையிலேயே வைத்துவிட்டு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன்.

பதில் ஒரே வரி: அது அவரிடமே இருக்கட்டும். என்னிடம் ஏன் கேட்டார், மறந்துவிட்டாரா, இல்லை கிளம்பும் அவசரத்தில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டாரா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மறுபடியும் சாந்தோம் போய்ச் சொன்னேன். சமையல்கார அம்மா சந்தோஷப்படவில்லை.

"அப்போ அது எனக்குன்னு நெனச்சுதான் குடுத்தாங்களா, டீச்சர்?"

அப்படித்தான் இருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்கு நிச்சயமில்லை.