சுவருக்கு ஐந்து நட்சத்திரம்

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தரைக்குத் தோட்டத்து ஆபீசில் பிள்ளை மடுவத்துச் சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பதினெட்டு வருடமாக அதற்குப் பொறுப்பு நான். மரங்கள் நனைந்திருந்ததால் அன்று ரப்பர் பால் வெட்டு இல்லை. புல் வெட்ட மட்டும் கொஞ்சம் பேரைப் போட்டிருந்தார்கள். அதனால் பதினொரு பிள்ளைகள்தான் வந்தார்கள். எட்டு மணிக்குப் பால்மா கரைத்தேன். ஒன்பதரைக்குப் பிள்ளைகளின் நிறை பார்த்துப் பதிந்தேன். பத்து இருபத்தைந்துக்குக் கைப்பேசியில் பிரதேச சபையிலிருந்து ஒரு செய்தி வந்தது.

மூன்று மொழியிலும் இருந்தது. தமிழ்ப் பகுதியை அப்படியே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். "உங்கள் முறைப்பாடு உங்கள் முழுத் திருப்தியுடன் முடித்து வைக்கப்பட்டது. நன்றி."

முறைப்பாடு என் பெயரில் போனது. சுவர் பக்கத்து வீட்டு அக்காவுடையது.

தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் கடைசி வீடு அவருடையது. அவர் பால் வெட்டுகிறவர். கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குளறலோடு மிச்சம். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை. அடுப்பும் அலமாரியும் கதவும் போக, ருவான்வெல்லைக் கடைத்தெருவில் வாங்கிய அவருடைய இரும்புக் கட்டிலைப் பின்சுவரை ஒட்டித்தான் போட முடியும். சுவருக்குப் பின்னால் மேடு, மேட்டுக்கு மேல் சபை வீதி. வீதிக்கு அடியில் தண்ணீர் போக ஒரு மதகு இருக்கிறது. மண்ணும் உடைந்த கொங்கிறீட் பலகை ஒன்றும் சேர்ந்து அதை அடைத்துவிட்டதால், மழை பெய்தால் வீதித் தண்ணீர் மொத்தமும் மேட்டில் இறங்கி அந்தச் சுவரில் ஊறும். ஆகஸ்டில் விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. செப்டெம்பரில் சுவர் உள்பக்கம் பிதுங்கியிருந்தது. நூல் பிடித்து அளந்தேன், ஒன்றேகால் அங்குலம். விழுந்தால் அவர் மேல்தான் விழும். அவரால் புரண்டு படுக்கக்கூட முடியாது.

தோட்டத்து ஆபீசில் சொன்னோம். வீதி சபையுடையது, கை வைக்க முடியாது என்றார்கள். சபைக்குக் கடிதம் எழுதினேன். லயம் தோட்டத்துடையது என்று பதில் வந்தது. மதகைத் தோண்டித் திறக்க லயத்து ஆட்கள் நாலு பேர் அலவாங்கோடு கிளம்பியபோது, வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து மறித்தார். "வீதி எறங்குச்சின்னா ஒங்க மேலதான் கேசு வரும், யோசிச்சிக்குங்க." யோசித்துத் திரும்பி வந்தார்கள்.

இந்த நிலையில்தான் எங்களுக்குக் குரல் கொடுக்க சபை புறப்பட்டு வந்தது. செப்டெம்பர் 26. தோட்டத்துக் கிளப்பில் பதாகை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, எல்லோருக்கும் ஒரு பணிசும் பிளேன் டீயும் கொடுத்தார்கள். வந்த அதிகாரி ஐந்து பேர். விளக்கில் ஐந்து திரி. ஆளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். அதற்கு மட்டும் இருபது நிமிடம் போனது. வாகனத்தை அவர்கள் நிறுத்தியிருந்தது அந்த மதகின் மேல்.

பெரிய அதிகாரி சிங்களத்தில் பேசினார். கூட வந்த ஓர் இளைஞர் தமிழில் சொன்னார். "இனிமே நீங்க சபைக்கு அலைய வேண்டியதில்ல. சபை இப்ப ஒங்க கையிலயே இருக்கு." கைப்பேசியை உயர்த்திக் காட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். "சபை எங்க கையில, சரி. ரோட்டு யாரு கையிலங்க?"

கிளப் முழுவதும் சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். என்ன கேட்டார்கள் என்று இளைஞர் அவருக்குச் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் அக்கா நேரே அந்த இளைஞரிடம் போனார். "தம்பி, இங்கனதான் என் வீடு. ஒரு எட்டு வந்து செவுத்த பாத்துட்டுப் போங்களேன்."

"போட்டோ எடுத்து ஆப்ல போடுங்கம்மா. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

கிளப் வாசலிலிருந்து அந்தச் சுவர் நூற்று நாற்பது அடி வைக்கும் தூரம். மறுநாள் நடந்து எண்ணினேன். குறை தீர்க்க வந்தவர்கள் குறையைப் பார்க்க மறுத்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். முன்பெல்லாம் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போவார்கள். இப்போது அந்தச் சிரமமும் மிச்சம்.

செயலியை என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தார்கள். பெயரிலேயே 'குரல்' இருந்தது. ஆனால் லயத்தில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஏறி, வீதியில், சரியாக மதகுக்கு மேலே நின்றால்தான் இரண்டு கோடு வரும். அங்கே நின்றுதான் மதகைப் பற்றிய முறைப்பாட்டை எழுதினேன். ஊரைத் தெரிவு செய்யச் சொன்னது. பட்டியலில் சுற்றியுள்ள கிராமமெல்லாம் இருந்தது. எங்கள் தோட்டம் இல்லை. பக்கத்துக் கிராமத்தைத் தொட்டேன். வீட்டிலக்கம் கேட்டது. லயத்துக்கு ஏது இலக்கம்? கடைசி வீடு என்று எழுதினேன், இலக்கம் மட்டுமே எழுதலாம் என்று சிவப்பில் காட்டியது. ஒன்று என்று போட்டேன். அக்காவின் கணவர் படுத்திருக்கும் கட்டில், பிதுங்கிய சுவர், அடைத்த மதகு, மூன்று படம் சேர்த்தேன். மறுநிமிடமே முறைப்பாட்டு இலக்கம் வந்தது. அவ்வளவு வேகத்தில் சபையிலிருந்து எதுவும் எங்களுக்கு வந்ததே இல்லை. லயத்தில் கைப்பேசி வைத்திருந்த இன்னும் எட்டு வீட்டாரும் அதே மதகைப் பற்றி எழுதினார்கள்.

ஒக்டோபர் 9 வரை ஒன்றும் இல்லை. அன்று மாலை மேட்டில் ஏறியபோது ஒரு செய்தி. முறைப்பாடு தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அனுப்பப்பட்டதாம். கூடவே ஒரு கேள்வி: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? கீழே ஐந்து நட்சத்திரம் வெறுமையாக இருந்தது. முதலாவதுக்குப் பக்கத்தில் அழுத முகம், கடைசிக்குப் பக்கத்தில் சிரித்த முகம்.

அக்கா கூடவே நின்றார்.

"யாருமே வந்து பாக்கலையேக்கா. ஒன்னு குடுத்தாப் போதும்," என்றேன்.

"என்னா தங்கச்சி பேசுற? நாலு எழுத்து தெரிஞ்சவ பேசுற பேச்சா இது? தொரைக்கிட்ட ஒரு காரியம்னு போனா எலுமிச்சம்பழத்த எப்ப குடுக்குறோம்? காரியம் முடிஞ்ச பொறகா?"

"முதல்லதான்."

"பொறகென்ன? மொதல்ல மரியாதைய காட்டுனாத்தான் அவுங்களுக்கு மனசு எறங்கும். அழுத மூஞ்சிய அனுப்புனா எந்த ஆபீசர் வருவான்? அஞ்சயும் அமத்து."

எங்கள் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை. தோட்டத்தை நடத்தும் துரை மாறி வந்தால், சம்பளத்தில் குறையென்றால், லீவு வேண்டுமென்றால், முதலில் எலுமிச்சம்பழம், பிறகு பேச்சு. பழத்தை வாங்கிய கை உடனே இல்லை என்று சொல்லக் கூசும் என்பது கணக்கு. நான் ஐந்தையும் அமத்தினேன். அதை மறைக்கப் போவதில்லை, அன்றைய குறிப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது: "மாலை 5.10. ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்." அக்கா அதோடு நிற்காமல் மற்ற எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒன்பது கைப்பேசி, ஒன்பதிலும் ஐந்து.

எட்டு நாள் கழித்துத்தான் அந்தப் பத்து இருபத்தைந்துச் செய்தி.

உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, பதினொன்று நாற்பது பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். சபைக் காரியாலயத்தில் சாப்பாட்டு நேரம். ஒன்று முப்பத்தைந்துக்கு ஓர் இளம் எழுதுவினைஞர் வந்து உட்கார்ந்தார். சிங்களத்தில்தான் பேசினோம், எனக்கு அது தமிழைப் போலவே வரும். இலக்கத்தைச் சொன்னதும் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இது நல்லபடியா முடிஞ்சதுதானே நோனா? அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்க."

"யாரும் வந்து பார்க்கவே இல்லை மிஸ்."

"பார்க்காமலா அஞ்சு குடுத்தீங்க?"

எலுமிச்சம்பழத்தை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். சிங்களத்தில் அதற்கு வார்த்தைகள் எல்லாம் இருந்தன. சொல்ல வெட்கமாக இருந்தது.

"நாலு, அஞ்சு குடுத்தா சிஸ்டம் தானா மூடிடும்," என்றார்.

"அப்படியானால் திறந்துவிடுங்கள்."

"மூடினதைத் திறக்க முடியாது. புதுசா போடணும். அதே இடத்துக்கு ஒரு மாதம் போன பிறகுதான் எடுக்கும்."

"சுவர் ஒரு மாதம் நிற்காது. கீழே ஒரு மனுஷன் படுத்திருக்கிறார்."

"அதை ஆப்ல எழுதுங்க நோனா. கடைசியில கருத்துன்னு ஒரு பெட்டி இருக்கு."

கடிதம் தருகிறேன், முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது கடிதம் எடுப்பதில்லையாம், எல்லாம் செயலியில்தான். தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும் என்றேன். வெளிக்கள வேலையாகப் போயிருக்கிறாராம். என்ன வேலை என்று கேட்டேன். வேறொரு தோட்டத்தில் செயலியை அறிமுகம் செய்யப் போயிருந்தார்.

எழும்பும்போது அந்தப் பெண் என்னை நிறுத்திச் சுவரைக் காட்டினார். கேலி இல்லை, உண்மையான சந்தோசம். அங்கே ஒரு கடதாசியில் ஊர்களின் பெயரும் திருப்தியும் வரிசையாக ஒட்டியிருந்தது. நாங்கள் தெரிவு செய்த கிராமம் முதலாவது. அதற்கு நேரே யாரோ தங்க நிறக் கடதாசியில் ஒரு நட்சத்திரம் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஓரம் பிசிறில்லாமல் நேர்த்தியாக வெட்டியிருந்தார்கள். மதகுக்கு ஒரு மண்வெட்டி பிடிக்காத கை, கத்தரிக்கோலை அழகாகத்தான் பிடித்திருக்கிறது.

நாலு இருபதுக்கு லயத்துக்கு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. பையை வைக்காமல் அக்கா வீட்டுக்குப் போய் நூல் பிடித்தேன். ஒன்றேமுக்கால் அங்குலம். வெடிப்பில் தண்ணீர் கசிந்து கட்டிலின் கால்மாட்டில் விரித்திருந்த சாக்கை நனைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

அக்கா அந்தச் சாக்கை எடுத்துப் பிழிந்து மறுபடி விரித்தார். பிறகு, "நாந்தானே அமத்தச் சொன்னேன்," என்றார். "எட்டு வீட்டுக்கும் நடந்து போயில்ல சொன்னேன்."

"அமத்துனது நான்க்கா."

கட்டிலில் இருந்தவர் இடது கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். குனிந்து கேட்டேன்.

"ஆயம்மா, செவுரு விழுந்துச்சின்னா... அதுக்கு எத்தன ஸ்டாரு?"

"வாய மூடுங்க நீங்க!" என்று அக்கா அதட்டினார். அதட்டிய வேகத்தில் சிரித்தும்விட்டார், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பு அதற்குள் அழுகையாகியிருந்தது.

லயத்தில் அவருடைய கட்டில் போகிற அளவுக்கு வேறு வீடு கிடையாது. எல்லா வீட்டிலும் ஆறு பேர், ஏழு பேர். இடம் இருந்தது ஒரே இடத்தில், பிள்ளை மடுவத்தின் பின்பக்கம், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே படுக்க வைக்கும் அறை. வெளியிலிருந்து நேரே அதற்கொரு கதவும் உண்டு. அதில் பெரியவர்களைப் படுக்க வைக்கக் கூடாது என்று மடுவத்துச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பதினெட்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியையும் நான் மீறியதில்லை.

உடனே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் அகலம் இரண்டடி ஆறு அங்குலம். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் வழி இரண்டடி ஐந்துதான். கதவையே கழற்றிவிட்டால் இரண்டடி ஆறரை. எல்லாம் எழுதிக்கொண்டேன். உதவிக்காரப் பெண் கடைசிப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பூட்டக் காத்திருந்தார். ஐந்து மணிக்குச் சாவி ஆபீசுக்குப் போயாக வேண்டும், தாமதமானால் ஆளனுப்புவார்கள். கொட்டுகிற மழையில் அப்போதே அவரைத் தூக்கவும் முடியாது. சாவியைக் கொடுத்தபோது கணக்கப்பிள்ளை எதிரில்தான் இருந்தார். அனுமதி கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்டால் எழுதித் தரச் சொல்வார், எழுதித் தந்தால் மேலே அனுப்புவார், அங்கிருந்து என்ன திரும்பி வரும் என்பதை அன்று பகல்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கேட்கவில்லை.

அன்றிரவு அக்கா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அலமாரியை வெளியே எடுத்துவிட்டு, கட்டிலை இழுத்து வாசல் ஓரமாகப் போட்டோம். சாப்பாடு என் வீட்டில்.

ஒக்டோபர் 18, புதன்கிழமை. ஐந்து பத்துக்கே ஆபீஸ் வாசலில் நின்றேன். சாவி எடுத்துத் தந்த காவல்காரர், "என்னாங்க ஆயம்மா, இன்னிக்கி நேரத்தோட?" என்றார். வேலை இருக்கிறது என்றேன். முதலில் செய்தது அந்தப் பின்கதவைக் கழற்றியதுதான். மூன்று கீல், கீலுக்கு நாலு ஆணி, பன்னிரண்டையும் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தேன். ஐந்து நாற்பதுக்கு லயத்திலிருந்து நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அக்கா பொலித்தீன் விரிப்பை அவர் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். அரை அங்குலம் மிச்சம் விட்டுக் கட்டில் உள்ளே போனது.