இறகில்லாத அம்பு

இரண்டு ஆணிகளின் மேல் அம்பைக் குறுக்கே கிடத்தி, நடுவில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று குனிந்து பார்க்கிறாள் என் சித்தப்பா மகள். தொய்வு போதவில்லை. உப்புத்தாளை எடுக்கிறாள்.

மைதானத்தில் அம்பெய்ய வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயரும் அதுதான், உப்புத்தாள். நாக்கும் அப்படி. “நல்ல அம்பா குடுங்க” என்று கேட்ட ஒருவரிடம், “அம்பு நல்லாத்தான் இருக்கும். நீங்க எப்படி?” என்றாள்.

என் சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பால் மறக்குமுன்பே போய்விட்டான். இவள் நடு. கடைக்குட்டி, பஸ் டிரைவர். மண்வெட்டிக்கும் சுத்தியலுக்கும் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தவள், தம்பி நுனி வளைந்த மரவில் ஒன்றை வாங்கி வந்த பிறகுதான் அம்பில் கை வைத்தாள்.

முதலில் இறகு ஒட்டாமலே எய்யச் சொல்வாள். “இறகு தப்பை மூடிடும். மொட்டை அம்புதான் உள்ளதைச் சொல்லும்.” வலக்கையால் நாண் இழுப்பவரின் அம்பு இடப்பக்கம் ஒதுங்கினால், அந்த இழுப்புக்கு அம்பு விறைப்பு என்று பொருள். தேய்த்து மெலிக்க வேண்டும். வலப்பக்கம் போனால் தளர்வு. நீளத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டு வருடமாகத் தம்பியின் அம்புகள் இடப்பக்கமே போகின்றன.

“என்னக்கா, கண்ணை எங்கயாவது அடகு வச்சுட்டியா? மறுபடி இடப்பக்கம் ஓடுது!”

“வயசாச்சுடா. மரமும் மட்டம். கொண்டா.”

யாரையும் சும்மா விடாதவள், அவன் கேலியை மட்டும் மென்று விழுங்கிவிடுவாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன், பழியை ஏன் உன் தலையில் போட்டுக்கொள்கிறாய் என்று.

“மரம் நல்ல மரம், அண்ணே. அவன் இழுப்புதான் குறைஞ்சுபோச்சு. சதை கரையுற நோவுன்னு டாக்டர் இப்பத்தான் சொன்னாரு, பஸ்ஸை விட்டும் இறக்கியாச்சு. எனக்கு அம்பு அப்பவே சொல்லிடுச்சு. வில்லு மட்டும் தன்னை விடலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். அதையும் நான் பிடுங்கணுமா?”

நான்கு தடவை மெலித்தாள். போன வாரம் ஐந்தாவது தடவையாகக் கொண்டுவந்தான். நானும் பட்டறையில்தான் இருந்தேன். அம்பை விரலால் அளந்தவள், திருப்பிக் கொடுத்தாள்.

“இனிமே தேய்க்க மாட்டேன். ஒருநாள் தெம்பு வந்து நல்லா இழுத்துட்டேன்னா, ஒடிஞ்சு உன் கையிலேயே ஏறும்.”

“அப்ப வேற மரத்துல செய்.”

“இதுவே நல்ல மரந்தான்டா.” உப்புத்தாளை மடித்து வைத்தாள். “என் கண்ணும் நல்லாத்தான் இருக்கு.”

அவன் தன் வலக்கையைப் பார்த்தான். பிறகு அவளை.

“எப்பத்துலேருந்து தெரியும்?”

“ரெண்டு வருஷம்.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

“வில்லை லேசா சுரண்டுனா இளகும்” என்றாள். “முழுசா இழுக்கலாம். இந்த அம்பே பொருந்தும்.”

அந்த வில்லை அவன் யாரையும் தொட விட்டதில்லை. நாணைக் கழற்ற முயன்றான், முடியவில்லை. அவள் கழற்றினாள். மேசைமேல் வில்லைக் கிடத்தி அவள் சுரண்டுத் தகட்டை வைத்ததும், அவன் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, வில் ஆடாதபடி மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.