கிளைடருக்கு வைத்த சந்தனம்

எங்கள் பெங்களூரில் ஆயுத பூஜை வந்தால் பொட்டு வாங்காமல் தப்பிக்கிற இரும்பு கிடையாது. ஆட்டோ, தையல் மிஷின், மிக்சி எல்லாவற்றுக்கும் நெற்றி முளைத்துவிடும். அப்பா ஊரின் வடகோடியில் ஒரு கிளைடர் கிளப்பில் மெக்கானிக். கிளைடருக்கு இஞ்சின் கிடையாது. கயிறு கட்டி இழுத்து மேலே விட்டால், காற்றை நம்பி மிதக்கும். எனக்கு ஒன்பது வயதான வருஷம், அதற்குப் பொட்டு வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தால் சும்மா இருப்பேனா? இறக்கை, சக்கரம், வால் என்று வைத்துக்கொண்டே போய், மூக்கு நுனியில் ஒரு சின்னக் குழாயின் வாய் தெரிந்ததும் அதிலும் சந்தனத்தைக் கட்டியாக அப்பினேன்.

மறுநாள் பறந்த பைலட் அங்கிளுக்கு வேகம் காட்டும் முள் அசையவே இல்லை. வேகம் குறைந்தால் தொப்பென்று விழுமே என்று பயந்து வேகமாகவே இறக்கியிருக்கிறார். கிளைடர் மைதானத்தைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு ராகி வயலில் போய் நின்றது. இறக்கை முறிந்தது. அவர் சிராய்ப்போடு நடந்து வந்தார். அந்த மட்டும் தலை தப்பியது.

விசாரணைக்கு அதிகாரி வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் மாட்டினது எதாவது கழண்டுச்சோ என்னமோ" என்று அம்மாவிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். வேலை போய்விட்டது என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். மூன்றாம் நாள், மூக்குக் குழாய்க்குள் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடக்கிறதாம் என்றார் அப்பா. அதில் காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் அசையுமாம். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. காலையில் ஸ்கூலுக்கு லீவு போடச் சொன்னார்.

மறுநாள் கிளப்பில் அதிகாரி கன்னடத்தில் பேசினார். திட்டவே இல்லை. ஒரு பேனா மூடியை நீட்டி, இதுதான் அந்தக் குழாய் என்று வைத்துக்கொள், எந்த விரலால் எவ்வளவு அழுத்தினாய் என்று கேட்டு, நான் செய்து காட்டியதை எழுதிக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, பறந்த அன்று காலை செக் பண்ணும்போது அந்தக் குழாயைப் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லை, பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன் என்றார் அப்பா. பக்கத்தில் இருந்த பைலட் அங்கிளும் தானும் பார்க்கவில்லை என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு, இனி பூஜைக்கு முன்னால் குழாய்க்குச் சிவப்பு உறை மாட்டுங்கள், பறக்கும் முன்னால் இரண்டு பேர் பாருங்கள் என்றார். வேலை போகவில்லை.

திரும்பும் வழியில் சிவாஜிநகர் பேக்கரியில் அப்பா தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கினார். நாலு நாள் பட்டினியைத் தீர்ப்பவர் மாதிரி சாப்பிட்டார். "காரணம் தெரிஞ்சிடுச்சும்மா. இனி தைரியமா ஒருத்தர மேல அனுப்பலாம்" என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

உண்மையைச் சொல்லி அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று கிளாஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். நான் சொன்ன உண்மைதான் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைக் காட்டிக்கொடுத்தது. அது தெரிந்தேதான் அவர் என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.